மானிப்பாய் தந்த மருத்துவச் சொற்கள்: வரைவிலக்கணத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு சொல்லின் பொருளை வரையறுத்துக் கூறுதலை வரைவிலக்கணம் என்கிறோம். தருக்கநூலிலும் இலக்கணநூலிலும் அதனைப் பரீட்சைக்குரிய ஒரு பகுதியாகவே நாம் கற்றுவந்துள்ளோம். எனினும் மருத்துவத் துறையில் வரைவிலக்கணம் என்பது பரீட்சையோடு முடிந்துவிடுவதன்று. சில வேளைகளில் ஒருவர் மருந்தை உண்பதும் உண்ணாது விடுவதும் அதனைப் பொறுத்தே அமைகின்றன. இவ்வுண்மையை யான் அறிந்துகொண்டது நூலகத்திலன்று. வலிகாமத்தில் உள்ள எமது வீட்டுத் திண்ணையிலேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது அப்பாச்சி மூச்சுவாங்குதலும் கால்வீக்கமும் கண்டு வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்பட்டார். வீடு திரும்பியபோது அவருடைய அட்டையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த நோயின் பெயரை எங்கள் வீட்டார் 'ஹார்ட் பெயிலியர்' என்று வாசித்தனர். பெயில் என்னும் சொல்லை எங்கள் ஊரில் அறியாதார் எவருமிலர். அது பரீட்சையோடு தொடர்புடைய சொல். தேறவில்லை, முடிந்துவிட்டது என்பதே அதன் பொருள். "நான் பெயிலாகிப் போனனோ, பிள்ளை?" என்று அப்பாச்சி என்னை வினவினார். யான் விடைகூற அறியாது நின்றேன். அடுத்த கிழமையே அவர் தமது காதுத்தோட்டைக் கழற்றி என் தங்கையின் கையிற் கொடுத்தார். குளிசைகளைத் தொடாது வைத்தார். நின்றுபோன இருதயத்துக்கு மருந்து எதற்கு என்பது அவரது நியாயம். அச்சொல்லுக்கு அவர் கொண்ட பொருளை ஏற்றுக்கொண்டால் அந்நியாயத்திற் பிழை காண்டல் அரிது.

இந்நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. மேனாட்டு மருத்துவத்தின் சொற்கள் தமிழிலே எவ்வாறு ஆக்கப்பட்டன, அவற்றிற்கு எவ்வாறு பொருள் வரையறுக்கப்பட்டது, அம்முயற்சி எங்கே தடைப்பட்டது என்பனவற்றை யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்டு நோக்குதலே இங்கு எமது நோக்கமாகும்.

மேனாட்டு மருத்துவம் வருமுன்

ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் மருத்துவச் சொற்கள் செழித்திருந்தன. ஆரியச்சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் இதற்குச் சான்றாகும். பரராசசேகரத்தின் பகுதிகள் சிரரோக நிதானம், பாலரோக நிதானம் என்றவாறு பெயர் பெற்றுள்ளன. நிதானம் என்பது இங்கு நோயின் காரணத்தையும் குறிகளையும் ஆராய்ந்து இன்ன நோயெனத் துணிதலாகும். பேச்சுவழக்கில் நிதானம் என்றால் பதற்றமின்மை. ஒரே சொல் இரு பொருளும் தந்துநிற்பது, நோயைத் துணிபவனுக்கு வேண்டிய முதற்பண்பு யாதென்பதை எமக்கு நினைவூட்டுவது போலும்.

இம்மரபில் நோய் என்பதற்குத் தெளிவான வரைவிலக்கணம் இருந்தது. வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் மிகுதலும் குறைதலுமே நோய். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும் இக்கருத்தையே தொடக்கத்தில் வைக்கின்றது. இவ்வரைவிலக்கணம் இன்றைய விஞ்ஞானத்துக்கு ஒவ்வுமோ என்பது வேறு வினா. வைத்தியரும் நோயாளியும் ஒரே சொல்லை ஒரே பொருளில் வழங்கினர் என்பதே இங்கு கருதத்தக்கது. "பித்தம் ஏறிவிட்டது" என்று வைத்தியர் கூறின் நோயாளிக்கு அது விளங்கிற்று.

மக்கள் வழக்கிலும் நோய்ப்பெயர்கள் நிறைந்திருந்தன. நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, கூகைக்கட்டு, சின்னமுத்து, கொப்பளிப்பான், தொய்வு, சலரோகம் என்பன இன்றும் எமது கிராமங்களில் வழங்குவன. இவற்றுட் பல காட்சியால் அமைந்த பெயர்கள். காமாலையில் உடலின் நிறம் மாறுவதும், கூகைக்கட்டில் கன்னத்தின்கீழ் வீங்குவதும் கண்ணாற் காணக்கூடியன. கண்ணாற் காணமுடியாத நோய்களுக்குச் சொல் தேடவேண்டி வந்தபோதே புதிய சிக்கல் தோன்றியது.

கிறீன் வைத்தியரின் வருகை

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய வைத்தியர்களுள் முன்னோடியாகப் பண்டத்தரிப்பில் பணிபுரிந்தவர் ஜோன் ஸ்கடர். அவருக்குப்பின் நேதன் வாட் வந்தார். மூன்றாமவராக 1847 ஆம் ஆண்டில் வந்தவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 இல் மசச்சூசெற்சு மாநிலத்தின் வூஸ்ரர் நகரிற் பிறந்த இவர், வட்டுக்கோட்டையிற் சிறிதுகாலம் தங்கியபின் 1848 இல் மானிப்பாயைத் தமது இருப்பிடமாகக் கொண்டார். அவ்வாண்டிலேயே மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

மானிப்பாய் அவ்வேளையில் அச்சுக்கும் அகராதிக்கும் பெயர்பெற்ற ஊராகவிருந்தது. 1842 இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி என்றே வழங்கப்பெற்றது. ஏறத்தாழ ஐம்பத்தெண்ணாயிரம் சொற்களைக் கொண்ட அதன் தொகுப்பிற் சந்திரசேகர பண்டிதருக்குப் பெரும்பங்குண்டு. சொற்களைத் தொகுத்துப் பொருள் எழுதும் பழக்கம் ஊறியிருந்த மண்ணிலே ஒரு வைத்தியர் வந்து சேர்ந்தமை தற்செயலாயினும் பயனுடைய சேர்க்கையாயிற்று.

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்திற் கற்றவர் கிராமத்தில் நிலைத்து நிற்பதிலும் நகரத்து உத்தியோகத்தை நாடுவதே மிகுதி என்பதை அவர் கண்டார். கிராமத்து மக்களிடையே இருந்து தொண்டாற்றும் வைத்தியர் வேண்டுமாயின் அவர்கள் தமிழிலே கற்றல்வேண்டும் என்று துணிந்தார். 1857 இல் விடுமுறையிற் சென்று 1862 இல் மீண்டும் வந்த அவர், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் கற்றுத் தேறியோர் தொகை அறுபதுக்கு மேற்பட்டது.

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல்கள் வேண்டுமன்றோ? 1857 இல் அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல் வெளிவந்தது. ட்றூயிற் என்பார் எழுதிய சத்திரசிகிச்சை நூல் 1867 இல் இரண வைத்தியம் எனத் தமிழாயிற்று. 1872 இல் கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் எனவும், ஹூப்பரின் மருத்துவக் கைந்நூல் வைத்தியாகரம் எனவும் வெளிவந்தன. இரசாயன நூலான கெமிஸ்தம் 1875 இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. மனுஷ சுகரணம் 1883 இல் வந்தது. இவை யாவும் ஒருவரின் தனிமுயற்சியல்ல. டன்வதர், சப்மன், சுவாமிநாதர் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் ஒப்புநோக்கித் திருத்தினார். 1873 இல் நோயுற்றுத் தாயகம் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை. அச்சுப்படிகள் கடல்கடந்து சென்று திருத்தம்பெற்று மீண்டன. 1884 இல் அவர் மறைந்தபோது, தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்னும் பொருள்பட அவரது கல்லறையில் எழுதப்பட்டது. மானிப்பாயில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சொற்கள் ஆக்கப்பட்ட முறை

கிறீன் கைக்கொண்ட நெறி எளிமையானது. வேண்டிய சொல்லை முதலிலே தமிழ் நூல்களிற் றேடுக. அங்கு கிடையாவிடின் வடமொழியிற் றேடுக. அதுவும் இயலாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இயையத் திருத்திக் கொள்க என்பதே அந்நெறியாகும். அவருடைய நூற்பெயர்களே இந்நெறிக்கு உதாரணங்களாக அமைகின்றன.

அங்காதிபாதம் என்னும் பெயர் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் எமது இலக்கிய வழக்கை நினைவூட்டுவது. தலைவியின் அழகையோ இறைவனின் திருமேனியையோ உறுப்புறுப்பாகப் பாடிவந்த மரபின் சாயல், சவத்தை உறுப்புறுப்பாக அறுத்துப் பார்க்கும் கலையின் பெயரிலே படிந்துள்ளது. சுகரணம் கரணம் என்னும் சொல்லடியாகப் பிறந்து உடலின் தொழிற்பாட்டைச் சுட்டிற்று. இரண வைத்தியம் என்பதில் இரணம் புண்ணையும் காயத்தையும் குறிக்கும். இன்று நாம் வழங்கும் சத்திரசிகிச்சை என்னும் சொல் கருவியால் அமைந்தது. ஐரோப்பிய மொழிகளின் சொல்லோ கைத்தொழில் என்னும் கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. ஒரே தொழிலை ஒருவர் புண்ணாலும், ஒருவர் கத்தியாலும், ஒருவர் கையாலும் பெயரிட்டமை சிந்திக்கத்தக்கது. நோயாளியின் பக்கம் நின்று பெயரிட்டது இரண வைத்தியமே எனலாம். கெமிஸ்தம் என்பதோ ஆங்கில ஓசையைத் தமிழ் ஈறு கொடுத்து ஏற்றுக்கொண்டதாகும்.

இந்நெறி கிறீனுக்கு மட்டும் உரியதன்று. யப்பானில் சுகிதா கென்பாக்கு என்னும் வைத்தியர் 1771 இல் ஒரு சவ அறுவையைக் கண்டு, ஒல்லாந்த நூலிலுள்ள படங்கள் உண்மைக்கு எத்துணைப் பொருந்துகின்றன என்று வியந்தார். நண்பருடன் கூடி அவர் மொழிபெயர்த்த உடற்கூற்று நூல் 1774 இல் வெளிவந்தது. உள்ள சொல்லை எடுத்தல், பொருளால் ஆக்குதல், ஓசையால் ஏற்றல் என மூவகை வழிகளை அந்நூலாரும் கூறினர். நரம்பைக் குறிக்க அவர்கள் அன்று ஆக்கிய சொல் இன்றும் யப்பானிய மொழியில் வழங்குகின்றது. சீனத்திலே பெஞ்சமின் ஹொப்சன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1851 இல் உடற்கூற்று நூலொன்றைச் சீனமொழியில் வெளியிட்டு, 1858 இல் மருத்துவச் சொற்றொகுதியொன்றையும் வெளியிட்டார். ஆசியாவின் மூன்று மூலைகளிலும் ஒரே வினா எழுந்து ஏறத்தாழ ஒரே விடையைப் பெற்றுள்ளது.

தடைப்பட்ட காரணம்

அவ்வாறாயின் யப்பானியரின் சொற்கள் நிலைக்க, சுகரணமும் கெமிஸ்தமும் ஏன் மறைந்தன? வடசொற்கள் மிகுந்திருந்தமையே காரணம் என்று சிலர் கூறுவர். அது முழு விடையாகாது. சத்திரசிகிச்சை, வைத்தியசாலை என்பனவும் வடசொற்களே. அவை எமது வாயில் இன்றும் வாழ்கின்றன. உண்மைக் காரணத்தைச் சொல்லின் வடிவத்தில் தேடாது அதன் தொழிலில் தேடுதல் வேண்டும்.

1870 இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதன் போதனாமொழி ஆங்கிலம். அங்கு கற்றோருக்கே அரசாங்க உத்தியோகம் கைகூடியது. மானிப்பாயில் தமிழிற் கற்றவர் கிராமத்து வைத்தியராக மதிக்கப்பட்டாராயினும், அரசாங்கப் படிக்கட்டில் ஏறுவதற்கு அவரது தமிழ் உதவவில்லை. கிறீன் சென்றபின் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. விடுதியறையிலே நோயாளியின் படுக்கையருகில் நின்று வைத்தியர் இருவர் தமக்குள் வழங்காத சொல் எத்துணைச் சிறந்ததாயினும் அச்சிலேயே உறங்கிவிடும். யப்பானில் மருத்துவம் தொடர்ந்து யப்பானிய மொழியிற் பயிலப்பட்டது; அச்சொற்கள் வழக்காற்றினால் உயிர்பெற்றன. எமது சொற்களுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் சொல்லாக்கம் மீண்டும் தலையெடுத்தது. 1936 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நிகழ்ந்த சொல்லாக்க மாநாட்டுக்கு ஈழத்தவரான சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் என்னும் தொகுதி 1938 இல் வெளியாயிற்று. இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்கும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. எமது பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்படுவதற்கு இத்தொகுதிகள் பேருதவி புரிந்தன. இருந்தும் மருத்துவபீடங்களின் போதனாமொழி ஆங்கிலமாகவே தொடர்ந்தது. 1978 இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடமும் இதற்கு விலக்கன்று.

சொல்லும் வரைவிலக்கணமும்

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்தல் அவசியமாகின்றது. கிறீனும் மாணவரும் எழுதியவை பாடநூல்கள். ஒரு சொல்லை ஆக்கியதும் அதனை வாக்கியத்தில் வைத்து விளக்கவேண்டிய கடமை அவர்களுக்கு இருந்தது. அவர்களும் சொல் அட்டவணைகளைத் தொகுத்தனராயினும் அவை நூல்களுக்குத் துணையாகவே நின்றன. பின்வந்த சொற்றொகுதிகளோ ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை நிறுத்தியதோடு அமைந்தன. பெயர் கிடைத்தது, வரைவிலக்கணம் கிடைக்கவில்லை.

இதன் விளைவைச் சில உதாரணங்களாற் காணலாம். இருதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் குழாயை எமது பாடநூல்கள் நாடி என்றும், இருதயத்துக்கு மீட்டுக்கொண்டுவரும் குழாயை நாளம் என்றும் கூறும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அவற்றையே தமனி, சிரை என்னும். நாட்டு வைத்தியரிடம் செல்வோருக்கு நாடி என்பது கையைப் பிடித்துப் பார்க்கும் துடிப்பு. ஆகவே "நாடியில் அடைப்பு" என்று கேட்கும் முதியவர் தமது மணிக்கட்டைத் தடவிப் பார்ப்பாராயின் அது நகைத்தற்குரியதன்று. அவர் அறிந்த வரைவிலக்கணம் அதுவே.

மாரடைப்பு என்னும் சொல்லை நோக்குவோம். இருதயத்தின் தசைக்குக் குருதியூட்டும் நாடி அடைபட்டு, அத்தசையின் ஒரு பகுதி இறந்துபடுதலே மாரடைப்பு. இதய நிறுத்தம் என்பது துடிப்பு அடியோடு ஓய்தல். உடனடிச் சிகிச்சை இன்றேல் சில நிமிடங்களில் உயிர் பிரியும். இதயச் செயலிழப்பு இவையிரண்டும் அன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியை இறைக்க மாட்டாது இருதயம் தளர்ந்திருக்கும் நிலை அது, துடிப்பு நிற்பதில்லை, மருந்தாலும் உப்பைக் குறைத்தலாலும் பல்லாண்டு வாழ்வோர் உளர். செயலிழப்பு என்னும் தமிழ்ச்சொல்லும் இவ்விடத்தில் எம்மைக் காப்பதாக இல்லை. அதுவும் முற்றாக இழந்ததாகவே ஒலிக்கின்றது. மூன்றையும் ஒன்றெனக் கொள்பவர் அஞ்சவேண்டாதவிடத்து அஞ்சுவர், விரையவேண்டியவிடத்துத் தாமதிப்பர்.

தீவிர நோய், நாட்பட்ட நோய் என்னும் பாகுபாடும் இத்தகையதே. மருத்துவத்தில் இவை முதன்மையாகக் காலத்தைக் குறிப்பன. சடுதியாகத் தோன்றுவது தீவிரம். நெடுங்காலம் தொடர்வது நாட்பட்டது. சாதாரண தடிமனும் தோன்றும் முறையால் தீவிர நோயே. சலரோகம் நாட்பட்ட நோய். தீவிரம் என்றவுடன் ஆபத்து என்றும், நாட்பட்டது என்றவுடன் பழகிப்போனது, அஞ்சத்தேவையில்லை என்றும் கொள்ளுதல் எமது வழக்கம். அவ்வாறே நோயாளி தாமே உணர்ந்து கூறும் நோவும் களைப்பும் ஒருவகை. வைத்தியர் தொட்டும் கேட்டும் அளந்தும் காணும் வீக்கமும் வெப்பமும் மற்றொருவகை. மருத்துவம் இவற்றுக்கு இருவேறு பெயர் தருகின்றது. நாமோ இரண்டையும் அறிகுறி என்றே சொல்லி அமைகின்றோம். உட்காய்ச்சல் என்று எங்கள் தாய்மார் கூறுவதை வெப்பமானி காட்டுவதில்லை. ஆயினும் அது பொய்யன்று; நோயாளி கூறும் வகையைச் சேர்ந்தது என்று விளங்கிக்கொள்வதற்கு இவ்வேறுபாடு உதவும்.

செய்யத்தக்கது

மருத்துவபீடத்தின் போதனாமொழியை மாற்றுதல் பற்றிய விவாதத்துள் புகுதல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. உலகெங்கும் வெளியாகும் ஆய்வுகளை அறியவேண்டிய வைத்தியருக்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் நோயாளிக்கு விளக்கும் மொழி வேறு வினா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சிவஞானசுந்தரம், நந்தி என்னும் புனைபெயரில் ஈழத்து இலக்கியத்திற் புகழ் பெற்றவர். அருமைத் தங்கைக்கு என்னும் நூலிலே மகப்பேறு பற்றிய அறிவினை உறவுரிமையோடு எழுதினார். கிறீன் பாடநூலாற் செய்ததை இவர் தங்கைக்குச் சொல்லும் முறையாற் செய்தார். சொற்றொகுதி தராத வரைவிலக்கணத்தைத் தருவதற்கு இதுவும் ஒரு வழியென்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்தில் கலைப்பீட மாணவராகிய எமக்கும் ஒரு பங்குண்டு. சொல்லின் வரலாறும் பொருளும் ஆராய்தல் எமது துறை. வைத்தியசாலையில் நாள்தோறும் வழங்கும் இருநூறு சொற்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியத்துக்கு மேற்படாத வரைவிலக்கணம் எழுதி, மருத்துவ மாணவர் சரிபார்க்க, கிராமத்து மூதாட்டி ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவருக்கு விளங்காதவற்றைத் திருத்தி வெளியிடுதல் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு இயலாத காரியமன்று. மானிப்பாயில் ஒரு வைத்தியரும் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரும் அச்சுக்கோத்துச் செய்த பணியோடு ஒப்பிடின் இது மிகச் சிறியது.

எனது அப்பாச்சியின் கதை எவ்வாறு முடிந்ததென வாசகர் வினவலாம். மறுமுறை காட்டச் சென்றபோது குளிசைகள் அப்படியே இருப்பதைக் கண்ட தாதியொருவர் காரணம் கேட்டறிந்தார். பின்னர் அருகிலமர்ந்து, "அம்மா, உங்கட கிணத்து மோட்டர் பழசானால் தண்ணி மெதுவாய்த்தானே வரும்? அது நிண்டுபோனதெண்டு சொல்லுவீங்களோ? உங்கட இருதயமும் அப்பிடித்தான் களைச்சுப்போச்சு. இந்தக் குளிசை அதுக்குக் கை குடுக்கும்" என்றார். யான் பின்னர் நூல்களிற் படித்த எந்த வரைவிலக்கணமும் அதற்கு மாறுபட்டதன்று. அன்றிரவு அப்பாச்சி குளிசையை எடுத்தார். அதன்பின் ஆறாண்டு வாழ்ந்தார். தோட்டை மட்டும் தங்கையிடமிருந்து திரும்பப் பெறவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான் என்றார்.